டியூப் டயரா, டியூப்லெஸ் டயரா... பந்தயத்தில் ஜெயிப்பது எது?



போன வாரம் எங்கள் தெருப் பையன் ஒருவன் சைக்கிளைத் தள்ளிக்கொண்டு என் வீட்டு வாசலில் வந்து நின்றான். எட்டாம் வகுப்பு படிக்கிறான். முகம் வாடியிருந்தது.

"சார், அண்ணா பிறந்தநாள் சைக்கிள் போட்டியில சேரப்போறேன். அப்பா பைக்ல டியூப்லெஸ் டயர் இருக்கு. அது பஞ்சரே ஆகாதாம். என் சைக்கிளுக்கும் அதையே போட்டா ஜெயிச்சிடலாம். நீங்க சொன்னா அப்பா கேட்பாரு சார்..."

"சரி, உள்ளே வா. முதலில் டயரைப் பற்றிப் பேசுவோம். அப்புறம் அப்பாவிடம் பேசலாம்" என்றேன்.

அவனிடம் சொன்னதைத்தான் உங்களிடமும் சொல்லப்போகிறேன். ஏனென்றால், இந்த ஆசை உங்களில் பலருக்கும் இருக்கும் என்பது எனக்குத் தெரியும்!

மகனுக்காக ஒரு டயர்

ஒரு காலத்தில் சைக்கிள் சக்கரத்தில் காற்றே கிடையாது. இரும்புப் பட்டையோ, கெட்டி ரப்பரோதான் இருக்கும். கல் சாலையில் போனால் எலும்பெல்லாம் ஆடிவிடும்.

அயர்லாந்து தீவில் உள்ள பெல்ஃபாஸ்ட் நகரில் ஜான் பாய்ட் டன்லப் என்ற கால்நடை மருத்துவர் இருந்தார். அவருடைய மகன் மூன்று சக்கர வண்டி ஓட்டும்போது கரடுமுரடான தெருவில் குலுங்கிக் குலுங்கிப் போவான். அதைப் பார்த்த அப்பாவுக்கு 1887-ஆம் ஆண்டு ஒரு யோசனை வந்தது. ரப்பர் தகட்டைக் குழாய் போல ஒட்டி, அதை ஒரு மர வட்டின் மேல் பொருத்திக் காற்று அடைத்தார்.

அடுத்து அவர் செய்த சோதனைதான் அழகு. வண்டியின் பழைய கெட்டி ரப்பர் சக்கரத்தையும், தான் செய்த காற்றுச் சக்கரத்தையும் முற்றத்தில் உருட்டிவிட்டார். பழைய சக்கரம் சிறிது தூரத்திலேயே படுத்துக்கொண்டது. காற்றுச் சக்கரமோ எதிர்ப்புறம் வரை ஓடி, மோதித் துள்ளியது!

1888-இல் டன்லப் காப்புரிமை பெற்றார். ஆனால், இராபர்ட் தாம்சன் என்பவர் 1845-லேயே குதிரை வண்டிகளுக்காக இதே யோசனையைப் பதிவு செய்திருந்தார். அந்தக் காலத்தில் அது பரவவில்லை. சைக்கிள் வந்த பிறகுதான் காற்று டயருக்கு யோகம் அடித்தது.

1889 மே மாதம் பெல்ஃபாஸ்டில் நடந்த பந்தயத்துக்கு வில்லி ஹியூம் என்ற வீரர் டன்லப்பின் டயரோடு வந்தார். தடித்த அந்த டயரைப் பார்த்துக் கூட்டம் கேலி செய்தது. பந்தயம் முடிந்தபோது சிரித்தவர் ஹியூம்தான். வெற்றி அவருக்கே!

பஞ்சர் ஒட்டி ஜெயித்தவர்

காற்று டயர் வந்தது. கூடவே பஞ்சரும் வந்தது!

டன்லப்பின் தொடக்க கால டயர்கள் ரிம்மோடு ஒட்டப்பட்டவை. ஒரு பஞ்சர் என்றால் பிரித்து ஒட்டிக் காய வைக்கவே பல மணி நேரம் ஆகும். பிரான்சு நாட்டின் மிஷ்லின் சகோதரர்கள், கழற்றி மாட்டக்கூடிய டயரை 1891-இல் கொண்டு வந்தார்கள்.

அதே ஆண்டு பாரிஸ் நகரிலிருந்து பிரெஸ்ட் நகருக்குப் போய்த் திரும்பும் பெரும் பந்தயம் நடந்தது. ஏறக்குறைய 1,200 கிலோ மீட்டர்! திருவண்ணாமலையிலிருந்து கன்னியாகுமரி போய்த் திரும்பி வருவதைவிடக் கொஞ்சம் அதிகம். அதில் மிஷ்லின் டயரில் போன சார்லஸ் டெரோன் என்ற வீரர் முதலாவதாக வந்தார். அவருக்கும் வழியில் பஞ்சர் ஆகத்தான் செய்தது. ஆனால் அதைச் சீக்கிரம் சரிசெய்ய முடிந்தது.

இதை நன்றாக மனதில் வைத்துக்கொள்ளுங்கள். பஞ்சர் ஆகாத டயரால் அவர் ஜெயிக்கவில்லை. பஞ்சரைச் சீக்கிரம் சரிசெய்ய முடிந்ததால் ஜெயித்தார்.

டியூப் இல்லாமல் காற்று எப்படி நிற்கும்?

உங்கள் சைக்கிளில் காற்றைப் பிடித்து வைப்பது உள்ளே இருக்கும் டியூப். வெளியே இருக்கும் டயர் அதற்குச் சட்டை மாதிரி. தரையில் தேய்வதும், கல், முள்ளைத் தாங்குவதும் டயரின் வேலை.

டியூப்லெஸ் சக்கரத்தில் டயரின் இரண்டு ஓரங்களும் ரிம்மின் பள்ளத்தில் இறுக்கமாக உட்கார்ந்துகொள்ளும். ஜாடிக்கு மூடி மாதிரி. காற்று வெளியேற வழி இல்லை. உள்ளே பால் போன்ற ஒரு திரவத்தையும் ஊற்றுவார்கள். முள் குத்தினால், வெளியேறும் காற்றோடு அந்தத் திரவமும் ஓடிவந்து, ஓட்டையில் உறைந்து அடைத்துவிடும். நம் கையில் கீறல் பட்டால் ரத்தம் உறைகிறதல்லவா, அப்படித்தான்! சிறு ஓட்டை என்றால் ஓட்டுபவருக்கே தெரியாமல் அடைபட்டுவிடும்.

1999-இல் பிரெஞ்சு நிறுவனங்கள் மலைப்பாதைச் சைக்கிள்களுக்கு இந்த முறையைக் கொண்டுவந்தன. சாலைப் பந்தயச் சைக்கிள்களுக்கு அது சில ஆண்டுகள் கழித்து வந்தது. இன்று ஐரோப்பாவின் பெரிய சாலைப் பந்தயங்களில் பெரும்பாலான வீரர்கள் டியூப்லெஸ் டயரில்தான் ஓட்டுகிறார்கள்.

வேகம் கூடுவது எப்படி?

அம்மா சப்பாத்தி மாவு பிசையும்போது பார்த்திருப்பீர்கள். அமுக்கி அமுக்கிக் கை வலித்துவிடும். சக்கரம் சுற்றும்போது, தரையைத் தொடும் இடத்தில் டயரும் இப்படித்தான் அமுங்கி அமுங்கி நிமிர்கிறது. அதற்கு ஆகும் பலம், பெடலை மிதிக்கும் உங்கள் காலிலிருந்துதான் போகிறது. டியூப் இருந்தால் அதுவும் சேர்ந்து அமுங்கும். டயரோடு உரசவும் செய்யும். டியூப் இல்லாவிட்டால் அந்த நஷ்டம் குறையும்.

இன்னொரு லாபமும் உண்டு. காற்று குறைந்த சைக்கிளைக் குழியில் இறக்கினால், டியூப் ரிம்முக்கும் தரைக்கும் நடுவில் நசுங்கி, பக்கத்துப் பக்கத்தில் இரண்டு ஓட்டை விழும். டியூப்லெஸ்ஸில் நசுங்க டியூபே இல்லை. அதனால் காற்றைக் கொஞ்சம் குறைத்தே ஓட்டலாம். கரடுமுரடான சாலையில் சக்கரம் துள்ளாமல் ஓடும்.

"அப்போ டியூப்லெஸ்தானே சார் ஒசத்தி?" என்று துள்ளினான் பையன்.

"அவசரப்படாதே, மறுபக்கத்தையும் கேள்" என்றேன்.

மறுபக்கம்

அந்தத் திரவம் சில மாதங்களில் காய்ந்துவிடும். வெயில் அதிகம் என்றால் இன்னும் சீக்கிரம். நம் ஊர்ச் சித்திரை வெயில் எப்படி என்று உங்களுக்கே தெரியும்! காய்ந்துவிட்டால் மறுபடி ஊற்ற வேண்டும். டயரை ரிம்மில் உட்கார வைக்கக் காற்றைச் சட்டென்று வேகமாக அடிக்க வேண்டும். சாதாரணக் கைப்பம்பில் பல நேரம் முடியாது. டயர் பெரிதாகக் கிழிந்துவிட்டால் திரவத்தால் அடைக்க முடியாது. அப்போது என்ன செய்வார்கள் தெரியுமா? உள்ளே ஒரு டியூபைப் போடுவார்கள்! அதனால் டியூப்லெஸ் சைக்கிள்காரர்கள் பலர் பையில் ஒரு டியூபை வைத்திருப்பார்கள்.

டயரும் ரிம்மும் ஒன்றுக்கொன்று சரியாகப் பொருந்த வேண்டும் என்பதும் முக்கியம். 2024 பிப்ரவரியில் ஐக்கிய அரபு அமீரகத்தில் நடந்த பந்தயத்தில், பெல்ஜியம் நாட்டு வீரர் தாமஸ் டி ஹெண்டின் டியூப்லெஸ் டயர் ரிம்மை விட்டுக் கழன்றது. அவர் கீழே விழுந்தார். அந்த நிகழ்ச்சிக்குப் பிறகு, டயர், ரிம் பாதுகாப்பு பற்றி உலகச் சைக்கிள் அமைப்பே யோசிக்க வேண்டியதாயிற்று.

நம் சைக்கிளுக்குப் போடலாமா?

இப்போது உங்கள் சைக்கிளுக்கு வருவோம். பிளஸ் ஒன் படிக்கும் அண்ணன், அக்காவுக்கு அரசு தரும் இலவச சைக்கிள் உங்கள் வீட்டில் இருக்கலாம். அதன் டயரைக் கழற்றிய பிறகு ரிம்மைப் பாருங்கள். வரிசையாக ஓட்டைகள் இருக்கும். ஒவ்வொன்றிலும் ஒரு ஸ்போக்ஸ் கம்பி. டியூப் இல்லாமல் காற்றடித்தால் அத்தனை ஓட்டை வழியாகவும் புஸ்ஸென்று போய்விடும்! டயரின் ஓரமும் அந்த ரிம்மில் காற்றுப் போகாதபடி இறுகி உட்காராது. டியூப்லெஸ்ஸுக்கு டயர் மட்டும் போதாது. அதற்கென்றே செய்த ரிம்மும் வேண்டும்.

பைக் விஷயமும் இதேதான். அப்பாவின் பைக்கில் இருப்பது ஓட்டையில்லாத அலாய் சக்கரம். ஸ்போக்ஸ் கம்பி வைத்த பைக்குகளில் பெரும்பாலும் இன்றும் டியூப்தான். "பஞ்சரே ஆகாது" என்பதும் சரியல்ல. ஆகும்; ஆனால் காற்று மெதுவாக இறங்கும். ஆணி குத்திய டியூப்லெஸ் டயரில் பஞ்சர் கடைக்காரர் ரப்பர் திரியைச் செருகி அடைப்பதைப் பார்த்ததில்லையா?

இன்னொன்று. தமிழ்நாடு விளையாட்டு மேம்பாட்டு ஆணையம் நடத்தும் அண்ணா சைக்கிள் போட்டிக்கு, இந்தியாவில் தயாரான சாதாரண சைக்கிளைத்தான் கொண்டுவரச் சொல்வார்கள். 13 வயதுக்கு உட்பட்ட மாணவர்களுக்கு 15 கிலோ மீட்டர், மாணவியருக்கு 10 கிலோ மீட்டர் என்றும், 15 வயதுக்கு உட்பட்டவர்களில் மாணவர்களுக்கு 20, மாணவியருக்கு 15 என்றும் தூரம் வைப்பது வழக்கம். பணக்கார வீட்டுப் பிள்ளையும், ஏழை வீட்டுப் பிள்ளையும் ஒரே மாதிரி சைக்கிளில் ஓட்ட வேண்டும். அதுதான் அந்தப் போட்டியின் அழகே!

நான் செய்த தப்பு

நான் பணியில் இருந்தபோது நடந்ததைச் சொல்கிறேன். ஏழாம் வகுப்பு மாணவி ஒருத்தி இதே போட்டிக்குப் பெயர் கொடுத்திருந்தாள். தினமும் காலையில் கிரிவலப் பாதையில் ஓட்டிப் பழகுவாள். சுற்று முழுதும் 14 கிலோ மீட்டர். அவளுக்கு அது தண்ணீர் பட்ட பாடு.

போட்டிக்கு முந்தின மாலை அவள் சைக்கிள் பஞ்சர். "கடைக்கு எதற்கு? நானே ஒட்டித் தருகிறேன்" என்றேன். டியூபைத் தண்ணீரில் அமுக்கி, குமிழி வந்த இடத்தைக் கண்டுபிடித்து, உப்புத்தாளால் தேய்த்து, சொல்யூஷன் தடவி, பேட்ச் ஒட்டினேன். "சார், டயரைப் பாக்க வேணாமா?" என்று கேட்டாள். வெளியே ஒருமுறை சுற்றிப் பார்த்துவிட்டு, "நன்றாகத்தான் இருக்கிறது" என்றேன்.

மறுநாள் ஐந்து கிலோ மீட்டர் வரை அவள்தான் முதலில் போனாள். பிறகு காற்று இறங்கத் தொடங்கியது. ஒவ்வொருவராக அவளைத் தாண்டிப் போனார்கள். கடைசிவரை சைக்கிளைத் தள்ளிக்கொண்டே நடந்து வந்தாள். பாதியில் ஏறிக்கொள்ள வண்டி இருந்தும் ஏறவில்லை.

டயரைக் கழற்றி உட்புறம் விரலால் தடவினேன். சுருக்கென்று குத்தியது. சீமைக் கருவேல முள்ளின் ஒடிந்த நுனி! வெளியே தெரியாமல் உள்ளே ஒளிந்திருந்து, புது இடத்தில் மறுபடி குத்தியிருக்கிறது. அவள் கேட்டபோது நான் பார்த்திருந்தால்...

"தப்பு என்னுடையதும்மா" என்றேன். அவள் அழுதுகொண்டே தலையாட்டினாள். அந்த முகம் இன்னும் எனக்கு மறக்கவில்லை.

அடுத்த ஆண்டும் வந்தாள். முந்தின நாள் டயரைக் கழற்றி, உட்புறம் முழுவதும் துணியால் தானே துடைத்தாள். துணி எங்கே சிக்குகிறதோ அங்கே முள்! என்னைத் தொடவே விடவில்லை. அந்த முறை ஆறாவதாக வந்தாள். ஆனால் கடைசி வரை ஓட்டி வந்தாள்.

போட்டிக்கு முன் பாருங்கள்

* டயரின் பக்கவாட்டில் எத்தனை பி.எஸ்.ஐ. காற்று என்று அச்சிட்டிருக்கும். அந்த அளவைத் தாண்டாதீர்கள். மிகக் குறையவும் விடாதீர்கள்.

* வால்வில் இருக்கும் சின்ன ரப்பரான வால் டியூப் வெடித்திருந்தால் மாற்றுங்கள். விலை மிகக் குறைவு. ஆனால் அது போனால் காற்றே போச்சு!

* பஞ்சர் ஒட்டினால் டயரின் உட்புறத்தைத் துணியால் துடைத்துப் பாருங்கள். வெறும் விரல் வேண்டாம்.

* சொல்யூஷன் தடவியவுடன் பேட்சை ஒட்டாதீர்கள். சற்றுக் காய்ந்த பிறகு ஒட்டினால்தான் நன்றாகப் பிடிக்கும்.

* பிரேக் சரியாக இருக்கிறதா? தலையில் ஹெல்மெட் இருக்கிறதா?

செய்து பாருங்கள்

பெரியவர் ஒருவரைத் துணைக்கு அழைத்துக்கொள்ளுங்கள். சாலை வேண்டாம், லேசான சரிவுள்ள மைதானம் போதும். காற்றுக் குறைந்த சைக்கிளில் மேலிருந்து பெடல் மிதிக்காமல் உருண்டு வாருங்கள். நின்ற இடத்தில் ஒரு கோடு போடுங்கள். பிறகு சரியான அளவு காற்றடித்து, அதே இடத்திலிருந்து மறுபடி உருண்டு வாருங்கள். இரண்டு கோடுகளுக்கும் இடையே உள்ள தூரத்தை அளந்து பாருங்கள். அன்று முற்றத்தில் டன்லப் கண்டதை இன்று நீங்களே காண்பீர்கள். காற்றடிக்க ஆகும் செலவில் கிடைக்கும் வேகம் அது!

பந்தயச் சைக்கிளும், அதற்கேற்ற ரிம்மும், பராமரிக்க ஆளும் இருந்தால் டியூப்லெஸ் நல்லதுதான். ஒருநாள் நீங்கள் பெரிய வீரராகி அதில் ஓட்டினால், எனக்கு ஒரு கடிதம் போடுங்கள். இன்றைக்கு உங்களிடம் இருக்கும் சைக்கிளுக்கு டியூப் டயர்தான் பொருத்தம்.

அந்தப் பையன் என்ன சொன்னான் என்று கேட்கிறீர்களா? சிறிது நேரம் யோசித்தான். பிறகு, "சார், அப்பாகிட்ட டயர் கேக்க வேணாம். ஒரு பம்பு மட்டும் கேளுங்க" என்றான்.

நேற்று மாலை பம்போடு வந்து நின்றான். இருவரும் டயரைக் கழற்றி உட்புறம் துடைத்தோம். இரண்டு முள் கிடைத்தது!

உங்கள் டயரில் எத்தனை இருக்கிறதோ... போய்ப் பாருங்கள்!