பிளவக்கல்லுக்கு ஒரு நாள்

ஸ்ரீவில்லிபுத்தூர் என்றதும் தமிழக அரசு முத்திரையில் இருக்கும் பதினொரு நிலைக் கோபுரமும், 2019-இல் புவிசார் குறியீடு பெற்ற பால்கோவாவும் நினைவுக்கு வரும். ஆண்டாளைச் சேவித்துவிட்டு அப்படியே ஊர் திரும்புகிறவர்கள்தான் அதிகம். அடுத்த முறை வத்திராயிருப்பு வழியாகப் பிளவக்கல் வரை போய் வாருங்கள்.

மேற்குத் தொடர்ச்சி மலையடியில் பெரியாறு, கோவிலாறு என்று இங்கே இரண்டு அணைகள். வத்திராயிருப்பு வட்டார வயல்களுக்கு உயிரே இந்தத் தண்ணீர்தான். வடகிழக்குப் பருவமழை முடிந்த மார்கழி, தை மாதங்களில் போனால், நிறைந்த நீரையும் பசுமையான மலையையும் சேர்த்தே பார்க்கலாம்.

அணையைச் சூழ்ந்த மலைக்காடுகளில் சாம்பல்நிற மலை அணில் வாழ்கிறது. மரக்கிளைகளிலேயே தாவித் திரியும். தரைக்கு இறங்குவது அபூர்வம். இதற்காகவே 1988-இல் இங்கே சரணாலயம் அமைந்தது. 2021-இல் மேகமலையோடு சேர்ந்து இந்தக் காடு புலிகள் காப்பகமும் ஆனது. அதனால் வனத்துறை அனுமதித்த இடங்களைத் தாண்டிப் போக வேண்டாம். கொண்டுபோகும் பிளாஸ்டிக்கை மறக்காமல் திரும்ப எடுத்து வாருங்கள்.

ராஜபாளையம் பக்கமிருந்து வருகிறவர்கள் ஸ்ரீவில்லிபுத்தூரில் இறங்கி, வத்திராயிருப்பு பேருந்தைப் பிடிக்கலாம்.