உங்களுக்குத் தெரியுமா? தோட்டத்துக் கதை தட்டிய பெரிய விருது!

ஷாருக் கான் மலாக்காவின் டத்தோ! 2008-இல் மாநிலமே கொடுத்த பட்டம். 2001-இல் வந்த ‘ஒன் டூ கா ஃபோர்’ படத்துக்காக மலாக்காவில் படப்பிடிப்பு நடத்தினார். அவ்வளவுதான். ஒரு படம், ஒரு டத்தோ!

1999-இல் வந்த ஹாலிவுட் படம் ‘என்ட்ராப்மென்ட்’. அதில் மலாக்கா ஆற்றங்கரைப் பழைய வீடுகளுக்குப் பின்னாலேயே கோலாலம்பூர் இரட்டைக் கோபுரம் நிற்கும்! எல்லாம் ஒட்டு வேலை. நிஜத்தில் நடுவே சுமார் 150 கிலோமீட்டர்! அப்போதைய பிரதமர் மகாதீருக்கே கோபம் வந்துவிட்டது!

மலாயாவின் முதல் வணிக ரப்பர்த் தோட்டம் எங்கே? பேராக்கா? சிலாங்கூரா? இல்லவே இல்லை. மலாக்காவின் புக்கிட் லிந்தாங்! டான் சாய் யான் போட்ட தோட்டம். ஆண்டு 1896!

அந்தக் காலத்தில் தோட்டத்துத் திடலில் படம் போட்டால் துணிக்கு இரண்டு பக்கமும் கூட்டம்! பின்பக்கம் உட்கார்ந்தவர்களுக்கு எம்.ஜி.ஆர். இடக்கையால் வாள் வீசுவார்! அதற்காக யாராவது எழுந்து போனார்களா? விடியற்காலையில் ஆள் கணக்கெடுக்கும் பெரட்டு இருந்தும் கடைசிவரை பார்ப்பார்கள்!

அந்தத் தோட்டத்து வாழ்க்கையே ஒருநாள் பிரான்ஸுக்குப் போனது! தீபக் குமரன் மேனனின் முதல் படம் ‘செம்மண் சாலை’. 2005-இல் நான்ட் நகரத் திரைப்பட விழாவில் நடுவர் குழுவின் சிறப்பு விருது!

2015 ஜூனில் தமிழ்நாட்டில் ‘காக்கா முட்டை’. மணிகண்டனின் முதல் படம். பீட்சாவுக்கு ஏங்கும் இரண்டு குப்பத்துப் பொடியன்கள். தேசிய விருது இரண்டு! அதே ஆண்டு டிசம்பரில் மலேசியாவில் ‘ஜகாட்’. சஞ்சய் குமார் பெருமாளின் முதல் படம். தோட்டத்தை விட்டு வெளியேறிய குடும்பம், அப்பாவிடம் உதை வாங்கியும் அடங்காத வாலு அப்போய். சிரித்துக்கொண்டே பார்ப்பீர்கள், திடீரென்று தொண்டை அடைக்கும்!

2016-இல் மலேசியத் திரைப்பட விழாவில் இந்தப் படத்தை எங்கே வைத்தார்கள் தெரியுமா? மலாய் அல்லாத படங்களின் தனி வரிசையில்! கிளம்பியது பாருங்கள் ரகளை! ஒளிப்பதிவாளர் முகமது நூர் காசிம் தாம் வாங்கிய விருதுகளையே திருப்பிக் கொடுத்தார். ஏற்பாட்டாளர்கள் இறங்கி வந்து விதியை மாற்றினார்கள். மலாய்மொழிப் படத்துக்கான விருது ‘முனாஃபிக்’குக்கு. எல்லா மொழிக்கும் பொதுவான சிறந்த மலேசியப் படம்? நம்ம ‘ஜகாட்’!

‘கபாலி’ வந்தது 2016 ஜூலையில். தோட்டத்திலிருந்து குண்டர் கும்பலுக்குப் போகும் தமிழர் கதை. ரஜினி மலாக்காவுக்கே வந்து நடித்தார். அந்தக் கதையை, ஒரு சூப்பர் ஸ்டாரும் இல்லாமல், ‘ஜகாட்’ சொல்லி முடித்து அப்போதே 7 மாதம் ஆகியிருந்தது!

‘கபாலி’யைப் பத்துத் தடவை பார்த்தவர்களே, ‘ஜகாட்’டை ஒரு தடவை பாருங்கள். வெறும் ஒன்றரை மணி நேரம்தான்!