வளர்ப்புப் புறாக்களில் மனிதருக்குத் தொற்றும் குடல் ஒட்டுண்ணிகள்: கண்டறிதலும் பொருள்கோடலும்

மனிதனோடு நெடுங்காலம் ஒட்டி வாழ்ந்துவரும் பறவைகளுள் புறாவும் ஒன்றாகும். பாறை இடுக்குகளிற் கூடுகட்டி வாழ்ந்த கொலம்பா லிவியா என்னும் ஓர் இனத்திலிருந்தே இன்று வளர்க்கப்படும் புறா வகைகள் அனைத்தும் தோன்றின என்பதனை, 1859 இல் வெளிவந்த 'இனங்களின் தோற்றம்' என்னும் நூலின் முதல் அதிகாரத்திலேயே சார்ள்ஸ் டார்வின் எடுத்துக்காட்டினார். இறைச்சிக்காகவும், செய்தி கொண்டு செல்வதற்காகவும், பந்தயத்திற்காகவும், அழகிற்காகவும் வளர்க்கப்பட்ட இப்பறவை, வேறெந்தப் பறவையிலும் பார்க்க மனிதனின் படுக்கைக்கும் அடுக்களைக்கும் அண்மையில் இடம்பெற்றுள்ளது. இவ்வண்மையே ஒரு வினாவையும் எழுப்புகின்றது. புறாவின் குடலில் வாழும் ஒட்டுண்ணிகளுள் மனிதனைத் தொற்றக்கூடியவை எவை? அவற்றை ஐயத்திற்கிடமின்றிக் கண்டறிவது எவ்வாறு?

இவ்வினா வெறும் ஆய்வுகூட வினாவன்று. உள்ளதை இல்லையெனக் கூறின் நோயெதிர்ப்பு ஆற்றல் குன்றியவர்களின் உயிருக்கு ஊறு நேரலாம். இல்லாததை உண்டெனக் கூறின், குற்றமற்ற பறவைகள் கொல்லப்படுவதோடு, நோயின் மெய்யான ஊற்றாகிய மாசுற்ற நீரும் சீர்கெட்ட கழிவகற்றலும் கவனத்தினின்றும் தப்பிவிடும். ஆதலின் கண்டறியும் முறைகளை மட்டுமன்றி, அவை தரும் முடிவுகளுக்கு நாம் கொள்ளத்தக்க பொருளையும் ஆராய்தல் அவசியமாகின்றது.

கருதத்தக்க ஒட்டுண்ணிகள்

புறாவின் குடலிற் காணப்படும் ஒட்டுண்ணிகள் யாவும் மனிதனுக்குத் தீங்கு செய்வனவல்ல. அஸ்கரிடியா கொலம்பே என்னும் உருளைப்புழு, கபில்லேரியா என்னும் மயிர்ப்புழு, ஐமேரியா சாதியைச் சேர்ந்த ஒருகல ஒட்டுண்ணிகள் ஆகியன புறாக்களை மெலியச் செய்து, குஞ்சுகளை மாய்ப்பன. எனினும் புறா வளர்ப்போனின் குடலில் அவை குடிகொள்வதில்லை. புறாவின் வாயிலும் தொண்டைப்பையிலும் வாழும் டிரைக்கோமோனாஸ் கலினே என்பதும் அத்தகையதே. ரொக்ஸோபிளாஸ்மா மனிதனைத் தொற்றுவதாயினும், புறாவில் அது தசையிலும் ஏனைய இழையங்களிலும் தங்குவதன்றி எச்சத்தில் வெளியேறுவதில்லை. எச்சத்தின் வழி அதனைப் பரப்புவன பூனைக் குடும்ப விலங்குகளேயாம்.

மனிதனைப் பொறுத்தவரை முதன்மையாகக் கருதத்தக்கவை மூன்று தொகுதிகள். முதலாவது கிரிப்டோஸ்போரிடியம். 1907 இல் ஏர்னஸ்ட் ரைசர் என்பார் எலியின் இரைப்பையில் முதன்முதற் கண்ட இச்சாதி, 1976 இல் தான் மனிதரில் நோய் விளைப்பதாக அறியப்பட்டது. இதன் இனங்களுள் மெலியகிரிடிஸ் என்பது 1955 இல் வான்கோழியில் விவரிக்கப்பட்டது. பறவைகளையும் மனிதரையும் ஒருங்கே தொற்றும் இவ்வினம், பெரு நாட்டின் லீமா நகரில் மனிதரிடையே ஏற்படும் கிரிப்டோஸ்போரிடியத் தொற்றுக்களிற் குறிப்பிடத்தக்க பங்கினை வகிப்பது நிறுவப்பட்டுள்ளது. பறவைகளிற் பெரிதும் காணப்படும் பெயிலியி என்னும் மற்றோரினமோ மனிதனுக்குப் பொதுவாக ஊறு செய்வதில்லை.

இரண்டாவது மைக்கிரோஸ்போரிடியா. முன்னர் ஒருகல விலங்குகளென வகுக்கப்பட்ட இவை, இன்று பங்கசுக்களோடு உறவுடையனவாகக் கொள்ளப்படுகின்றன. 1985 இல் எயிட்ஸ் நோயாளர் ஒருவரிடமிருந்து விவரிக்கப்பட்ட என்ரரோசைற்றோசூன் பியனூசியும், 1991 இல் விவரிக்கப்பட்ட என்செபலிற்றோசூன் ஹெல்லமும் பறவைகளிலும் காணப்படுகின்றன. அம்ஸ்ரடாம் நகரப் புறாக்களின் எச்சங்களை ஆராய்ந்து 2008 இல் வெளியிடப்பட்ட ஆய்வு, மனிதரைத் தொற்றும் மைக்கிரோஸ்போரிடியாக்கள் அவற்றில் அடிக்கடி காணப்படுவதைக் காட்டியது.

மூன்றாவது பிளாஸ்ரோசிஸ்ரிஸ். இதன் உபவகைகளுள் 6 உம் 7 உம் பறவைகளுக்குரியனவாயினும் மனிதரிலும் காணப்பட்டுள்ளன. இவ்வொட்டுண்ணி நோய்க்குக் காரணமா, அன்றிக் குடலில் வாளாவிருப்பதா என்பது அறிஞரிடையே இன்னும் தீராத விவாதமாகும்.

மாதிரி சேகரித்தல்

ஆய்வின் பெறுபேறு ஆய்வுகூடத்திலன்றிப் புறாக்கூட்டிலேயே பெரிதும் தீர்மானிக்கப்படுகின்றது. கூட்டின் தரையிற் கிடக்கும் பழைய எச்சத்தைச் சுரண்டி எடுப்பின், எலியின் கழிவும், கரப்பானின் கழிவும், மண்ணில் வாழும் புழுக்களின் முட்டைகளும் அதனுட் கலந்திருக்கும். எனவே ஒவ்வொரு பறவையையும் தனித்தனியே அடைத்து, கீழே தூய தாளினை விரித்து, புதிதாக வீழ்ந்த எச்சத்தின் தாளைத் தொடாத பகுதியை மட்டும் எடுத்தல் வேண்டும்.

பறவைகளில் மலமும் சிறுநீரும் ஒரே வழியால் வெளியேறுகின்றன. எச்சத்தின் வெண்ணிறப் பகுதி சிறுநீரின் யூரிக் அமிலமாகும். கருமையான பகுதியே குடலிலிருந்து வருவது. பின்னதனையே ஆய்வுக்குக் கொள்ளுதல் நன்று. மேலும், ஒட்டுண்ணிகள் நாள்தோறும் ஒரே அளவில் வெளியேறுவதில்லையாதலின், ஒரே பறவையிடமிருந்து வெவ்வேறு நாள்களில் மூன்று மாதிரிகளையேனும் பெறுதல் விரும்பத்தக்கது.

பாதுகாக்கும் திரவத்தைத் தெரிதலும் ஆய்வின் நோக்கத்தைப் பொறுத்ததே. உருவ அமைப்பை மட்டும் பார்ப்பதாயின் 10 சதவீத போமலின் போதுமானது. ஆனால் அது பரம்பரைப் பதார்த்தத்தைச் சிதைக்கும். மூலக்கூற்று ஆய்வுக்கு 70 சதவீத எதனோல் ஏற்றது. முட்டைச் சிறைப்பைகளை உயிருடன் பேணுவதாயின் 2.5 சதவீதப் பொற்றாசியம் இருகுரோமேற்றுக் கரைசலிற் குளிரில் வைத்தல் மரபு. ஒரு மாதிரியை மூன்றாகப் பிரித்து மூவகையாகவும் பேணுதல் பின்னர் வரும் வினாக்களுக்கெல்லாம் இடமளிக்கும்.

நுணுக்குக்காட்டியின் கீழ்

எச்சத்திலுள்ள ஒட்டுண்ணிகள் அளவிற் சிலவாகையால் முதலில் அவற்றைச் செறிவாக்குதல் வேண்டும். செறிந்த சீனிக் கரைசலில் எச்சத்தைக் கலந்து மையநீக்கியிற் சுழற்றினால், கரைசலிலும் பார்க்க அடர்த்தி குறைந்த சிறைப்பைகளும் முட்டைகளும் மேலே மிதக்க, கழிவுகள் கீழே படியும். மேற்பரப்பிலுள்ளதை மூடித்துண்டிற் பெற்று உடனடியாகப் பார்த்தல் அவசியம். தாமதிப்பின் சிறைப்பைகள் நீரை இழந்து சுருங்கி உருமாறிவிடும்.

இங்கே அளவே முதல் வழிகாட்டியாகும். கிரிப்டோஸ்போரிடியத்தின் முட்டைச் சிறைப்பை 4 முதல் 6 மைக்கிரோமீற்றர் வரையான குறுக்களவுடையது. ஐமேரியாவினுடையதோ அதன் மூன்று மடங்களவிற்குப் பெரியது. முன்னது வெளியேறும்போதே முதிர்ச்சியடைந்து தொற்றும் ஆற்றலுடன் வருகின்றது; பின்னது வெளியேறிய பின் ஈரத்திலும் வளியிலும் சிலகாலம் இருந்தே முதிர்கின்றது. கூட்டை நாள்தோறும் துப்புரவு செய்வது ஐமேரியாவைப் பெருமளவு தடுப்பதும், கிரிப்டோஸ்போரிடியத்தை அவ்வளவாகத் தடுக்காததும் இவ்வேறுபாட்டின் விளைவேயாம்.

கிரிப்டோஸ்போரிடியத்தின் சிறைப்பை, மதுவம் எனப்படும் நுண்ணிய பங்கசுக் கலங்களோடு எளிதில் மயங்கும் இயல்புடையது. இம்மயக்கத்தை நீக்குவது சாயமூட்டலாகும். கசநோய்ப் பற்றீரியாவைக் காண்பதற்கென உருவான சீல்-நீல்சன் முறையைச் சற்றே திருத்தி, ஹென்றிக்சன், போலென்ஸ் ஆகிய இருவரும் 1981 இல் இவ்வொட்டுண்ணிக்குப் பயன்படுத்தினர். காபோல் பூக்சின் ஏற்றி, அமிலத்தாற் கழுவி, மாற்றுச் சாயம் ஊட்டியபின், சிறைப்பைகள் செந்நிறத்தைத் தக்கவைத்துக்கொள்ள, மதுவக் கலங்கள் நீலமாகவோ பச்சையாகவோ தோன்றும். மைக்கிரோஸ்போரிடியாவின் வித்திகளோ இதனினும் சிறியவை. பியனூசியின் வித்தி 1 முதல் 1.5 மைக்கிரோமீற்றரளவினது. பற்றீரியாக்களிடையே இதனை வேறுபடுத்த 1992 இல் அறிமுகமான குரோமோற்றுரோப் சாயமுறை உதவுகின்றது.

பரம்பரையலகுச் சோதனை

நுணுக்குக்காட்டி எவ்வளவு திறமை வாய்ந்தவர் கையில் இருப்பினும் ஒரு வரம்பைத் தாண்ட இயலாது. மனிதனைத் தொற்றும் மெலியகிரிடிஸ் இனத்தின் சிறைப்பையும், கன்றுகளிலும் மனிதரிலும் காணப்படும் பார்வம் இனத்தின் சிறைப்பையும் கண்ணுக்கு ஒன்றேயாம். 'கிரிப்டோஸ்போரிடியம் உண்டு' என்ற கூற்றிலிருந்து 'மனிதனுக்கு ஆபத்து உண்டு' என்ற முடிவுக்குச் செல்வதற்கு இனத்தை அறிதல் இன்றியமையாதது.

இவ்விடைவெளியை நிரப்புவது பொலிமரேசுத் தொடர்த் தாக்கமாகும். ஒட்டுண்ணியின் இறைபோசோமுக்குரிய பரம்பரையலகின் ஒரு துண்டைப் பல கோடி மடங்காகப் பெருக்கி, அதன் எழுத்தொழுங்கை வாசித்து, அறியப்பட்ட இனங்களோடு ஒப்பிடுவதே இதன் சாரம். ஆயின் எச்சத்திலுள்ள சில பதார்த்தங்கள் இத்தாக்கத்தையே தடை செய்வன. எனவே ஒவ்வொரு தொகுதியிலும், இருப்பது உறுதியான மாதிரி ஒன்றும் இல்லாதது உறுதியான மாதிரி ஒன்றும் உடன் சோதிக்கப்படல் வேண்டும். அவ்வாறில்லாத 'இல்லை' என்ற பெறுபேறு, ஒட்டுண்ணி இல்லாமையைக் குறிக்கின்றதா, தாக்கம் நிகழாமையைக் குறிக்கின்றதா என்று கூற இயலாது.

எத்தனை பறவைகள்?

ஒரு கூட்டிலுள்ள பெருந்தொகைப் புறாக்களுள் 10 சதவீதமானவை தொற்றுற்றவை எனக் கொள்வோம். எழுந்தமானமாகப் பத்தினைத் தெரிந்து சோதித்தால் ஒன்றேனும் அகப்படாமற்போகும் நிகழ்தகவு ஏறக்குறைய 35 சதவீதம். அந்நிகழ்தகவை 5 சதவீதத்திற்குக் குறைப்பதாயின் 29 பறவைகளைச் சோதித்தல் வேண்டும். சோதனை எந்தத் தொற்றையும் தவறவிடாதது என்ற எடுகோளில் அமைந்த கணக்கு இது. நடைமுறையில் தேவைப்படும் தொகை இன்னும் கூடுதலாகும். ஐந்தாறு பறவைகளைப் பார்த்துவிட்டு ஒரு கூட்டிற்குச் சுகாதாரச் சான்று வழங்குவது அறிவியலாகாது. பல பறவைகளின் எச்சங்களை ஒன்றாகக் கலந்து சோதிப்பது செலவைக் குறைக்கும். ஆனால் கூட்டில் தொற்று உண்டா என்பதற்கன்றி, எத்தனை பறவைகளில் உண்டு என்பதற்கு அது விடை தராது.

பெறுபேறுகளின் பொருள்

இரண்டு எச்சரிக்கைகள் இங்கு அவசியம். முதலாவது: சாயமூட்டிய தடவலில் ஒட்டுண்ணியைக் காண்பதற்கு ஒரு கிராம் மலத்தில் அது பல்லாயிரக்கணக்கில் இருத்தல் வேண்டும். ஆனால் 1995 இல் அமெரிக்காவில் உடல்நலமுள்ள தொண்டர்களிடையே நிகழ்த்தப்பட்ட ஆய்வில், பார்வம் இனத்தின் 132 சிறைப்பைகளே அரைவாசிப் பேரைத் தொற்றப் போதுமானவையெனக் கணிக்கப்பட்டது. நுணுக்குக்காட்டியிற் காணாமை பாதுகாப்புக்கு உத்தரவாதமன்று.

இரண்டாவது எச்சரிக்கை எதிர்த்திசையிலானது. எச்சத்தில் ஒட்டுண்ணியின் பரம்பரைப் பதார்த்தம் இருப்பதனாலேயே புறா தொற்றுற்றது என்றாகாது. சாக்கடையோரத்தில் மேய்ந்த புறா, மனிதக் கழிவிலிருந்த சிறைப்பைகளை உண்டு, சீரணிக்காது அப்படியே வெளியேற்றியிருக்கலாம். அந்நிலையிற் புறா நோயின் ஊற்றன்று. நமது கழிவகற்றலின் குறையைக் காட்டும் சான்றாகும். தொற்று உண்மையா என அறிவதற்குத் தூய உணவும் நீரும் கொடுத்துத் தனியே வைத்த பின்னரும் ஒட்டுண்ணி தொடர்ந்து வெளியேறுகின்றதா எனப் பார்த்தல் வேண்டும். புறாவிலும் அதனை வளர்ப்போரிலும் ஒரே மரபுவகை காணப்படினும், எது எதற்குக் கொடுத்தது என்பதும், இரண்டும் ஒரே நீரிலிருந்து பெற்றனவா என்பதும் எஞ்சிய வினாக்களாகும்.

1993 இல் அமெரிக்காவின் மில்வோக்கி நகரில் ஏறத்தாழ 4,03,000 பேரைத் தாக்கியதாக மதிப்பிடப்பட்ட கிரிப்டோஸ்போரிடிய நோய், குழாய்நீரின் வழியே பரவியது. குளோரினுக்கு இச்சிறைப்பை அசைந்துகொடுப்பதில்லை. வடிகட்டலிலே தவறு நேர்ந்தால் நகர் முழுவதும் அதற்கு இலக்காகும். நோயின் சுமையும் எல்லோர்மீதும் சமமாக வீழ்வதில்லை. உடல்நலமுள்ளோர்க்குச் சில வார வயிற்றோட்டமாக முடிவது, போசாக்குக் குன்றிய குழந்தைக்கும், எச்.ஐ.வி. தொற்றுற்று மருந்து கிடைக்காதோர்க்கும் உயிராபத்தாக மாறுகின்றது. ஒட்டுண்ணி ஒன்றே, அதன் விளைவைப் பெருமளவு நிர்ணயிப்பது சமூக நிலைமையாகும்.

இப்பின்னணியிற் புறாக்களைக் கொன்றொழிப்பது தீர்வாகாது. சுவிற்சர்லாந்தின் பாசல் நகரில் 1988 இல் தொடங்கிய திட்டம், உணவிடுவதைக் குறைக்குமாறு பொதுமக்களை அறிவுறுத்தியதன் மூலம் நான்காண்டளவில் தெருப்புறாக்களின் தொகையை ஏறத்தாழ அரைவாசியாக்கியது. அதற்கு முன்னர் ஆண்டாண்டாகக் கொன்றும் இது கைகூடவில்லை. வளர்ப்போர் செய்யத்தக்கனவும் எளியவையே. எச்சத்தை உலர்ந்த நிலையிற் கூட்டித் தூசெழுப்பாது நனைத்து அகற்றுதல், கூட்டை உலர்வாகவும் வெயில் படவும் வைத்தல், குடிநீரைக் கொதிக்கவைத்தல், கைகளைச் சவர்க்காரமிட்டு ஓடும் நீரிற் கழுவுதல் ஆகியன அவை. மதுசாரம் சேர்ந்த கைத்திரவம் கிரிப்டோஸ்போரிடியத்தைக் கொல்லாது என்பதை நினைவிற்கொள்ளல் வேண்டும். நோயெதிர்ப்பு ஆற்றல் குன்றியோர் கூட்டைத் துப்புரவு செய்யும் பணியைப் பிறரிடம் விடுதல் நன்று.

சுருங்கக் கூறின், மாதிரி எவ்வாறு பெறப்பட்டது, எத்தனை பறவைகள், எந்த முறை, எந்த இனம் என்ற நான்கு வினாக்களுக்கும் விடையளிக்காத ஆய்வறிக்கை எதுவும் புறாவைக் குற்றவாளியாக்கவோ விடுவிக்கவோ தகுதியுடையதன்று. மிருக வைத்தியமும் மனித வைத்தியமும் நீர் வழங்கலும் தனித்தனித் துறைகளாகப் பிரிந்து நிற்கும் வரை அவ்விடைகள் ஓரிடத்திற் சேரப்போவதில்லை. அவற்றை ஒன்றிணைப்பதே இத்துறையில் ஈடுபடுவோர் முன்னுள்ள பணியாகும்.