'சிலிம்' என்னும் பெயர்: ஆங்கிலக் குடும்பப் பெயரும் தமிழர் பெயர் மரபும்

முன்னுரை

பேராக் மாநிலத்தின் தென்பகுதியில், தஞ்சோங் மாலிமுக்கு வடக்கே அமைந்துள்ள ஊர் சிலிம் ரிவர். முன்னர்ப் பத்தாங் பாடாங் மாவட்டத்தைச் சார்ந்திருந்த இவ்வூர், 2016ஆம் ஆண்டு முதல் முஅல்லிம் மாவட்டத்துள் அடங்கும். இதனைச் சூழ்ந்திருந்த இரப்பர்த் தோட்டங்களில் தமிழர் பல தலைமுறைகளாக உழைத்து வாழ்ந்தனர். இவ்வூர்ப் பெயரைக் கேட்போர் சிலர், அது 'ஸ்லிம்' என்னும் ஆங்கிலக் குடும்பப் பெயரிலிருந்து வந்ததென எண்ணுவர். அவ்வெண்ணத்தைத் தொடக்கமாகக் கொண்டு, ஆங்கிலக் குடும்பப் பெயர்கள் உருவான முறையையும், அவற்றோடு ஒப்பிடத் தெரியவரும் தமிழர் பெயர் மரபின் இயல்பையும் இக்கட்டுரையில் விளக்க முற்படுகிறோம்.

ஆங்கிலக் குடும்பப் பெயர்களின் தோற்றம்

1066இல் நார்மானியர் இங்கிலாந்தைக் கைப்பற்றுவதற்கு முன்னர், அந்நாட்டு மக்கள் பெரும்பாலும் ஒற்றைப் பெயரினராகவே இருந்தனர். பின்னர் ஜான், வில்லியம் போன்ற சில பெயர்களே மிகுதியாக வழங்கியமையால் ஒருவரை மற்றொருவரிடமிருந்து பிரித்தறிய அடைமொழி தேவைப்பட்டது. நில உரிமையும் வரி விதிப்பும் அந்த அடைமொழியை ஏட்டில் ஏற்றின. நாளடைவில் அது தந்தையிடமிருந்து மக்களுக்கு இறங்கும் குடும்பப் பெயராக நிலைபெற்றது. 1400ஆம் ஆண்டளவில் இங்கிலாந்து மக்களுள் பெரும்பாலோர் குடும்பப் பெயர் உடையோராயினர். 1538 முதல் தேவாலயங்கள் திருமுழுக்கு, திருமணம், அடக்கம் ஆகியவற்றைப் பதிவு செய்யத் தொடங்கியமை இப்பெயர்களை மேலும் உறுதிப்படுத்தியது.

இப்பெயர்களை நால்வகையாகப் பகுப்பர். ஹில் என்பது இடத்தாலும், ஸ்மித் என்பது தொழிலாலும், ஜான்சன் என்பது தந்தை பெயராலும், ஷார்ட் என்பது உருவத்தாலும் அமைந்தவை.

'ஸ்லிம்' என்னும் சொல்

மேலோட்டமாக நோக்கின் 'ஸ்லிம்' என்பது மெலிந்த உடலினனைச் சுட்டிய பட்டப்பெயர் எனத் தோன்றும். ஆயின் இச்சொல் ஆங்கில எழுத்து வழக்கில் இடம்பெறுவது 17ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதியில்தான். அது டச்சு மொழியிலிருந்து வந்தது. டச்சு மொழியில் அச்சொல் சூழ்ச்சித்திறனையும் அறிவுக்கூர்மையையும் குறிக்கும். அதன் இனச்சொல் ஜெர்மானிய மொழியில் 'தீயது' என்னும் பொருளில் வழங்குகிறது. குடும்பப் பெயர்கள் நிலைபெற்று இரு நூற்றாண்டுகளுக்கு மேல் கழிந்த பின்னரே ஆங்கில எழுத்தில் தோன்றும் ஒரு சொல்லைக் கொண்டு பழம்பெயர் ஒன்றுக்குப் பொருள் கூறுதல் பொருந்தாது. பழைய பதிவேடுகளில் அப்பெயர் எழுதப்பட்ட வடிவங்களே பெயராய்வுக்கு முதன்மைச் சான்றாகும். இற்றைநாள் அகராதி அவற்றிற்கு அடுத்த நிலையிலேயே வைக்கத்தக்கது.

தளபதியும் ஊரும்

இப்பெயருடையோருள் உலகறிந்தவர் தளபதி வில்லியம் ஸ்லிம். 1891இல் பிரிஸ்டல் நகரில் பிறந்த இவர், பர்மாவில் ஜப்பானியரை வென்ற பதினான்காம் படையின் தலைவர்; பின்னர் ஆஸ்திரேலியாவின் தலைமை ஆளுநராகவும் விளங்கினார். சிலிம் ரிவரிலோ 1942 சனவரி 7ஆம் நாள் ஜப்பானியக் கவச வண்டிகள் பதினோராம் இந்தியப் படைப்பிரிவை ஊடறுத்துச் சென்றன. நான்கு நாளில் கோலாலம்பூர் வீழ்ந்தது. அங்குப் போரிட்டவருள் கூர்க்காப் படையினரும் இருந்தனர். வில்லியம் ஸ்லிமும் கூர்க்காப் படையில் பணியாற்றியவராதலின் இரண்டையும் இணைத்து நோக்குவது எளிது. எனினும் அப்போர் நிகழ்ந்தபோது அவர் மத்தியக் கிழக்கில் இருந்தார். ஊரோ அதற்கு முன்பே அப்பெயரைக் கொண்டிருந்தது.

ஊருக்கு ஆறே பெயர் தந்துள்ளது. சிலிம் ஆறு பெர்ணம் ஆற்றில் கலப்பது. அதன் தலைப்பகுதி 'உலு சிலிம்' எனப்படுகிறது. ஆற்றின் பெயரால் ஊர் அமைவதும், ஆற்றின் மேற்பகுதியை 'உலு' என்பதும் மலாய் மக்களின் பெயரிடு மரபாகும். ஆங்கிலேயக் கேப்டன் ஒருவரின் பெயரே ஊருக்கு வந்தது என்னும் வாய்மொழி வழக்கும் உண்டு. ஒலி ஒற்றுமை மட்டும் அதற்குச் சான்றாகிவிடாது. தமிழர் நாவில் 'ஸ்நேகம்' சிநேகமானது போலவே 'ஸ்லிம்' சிலிம் ஆயிற்று.

தமிழர் பெயர் மரபு

ஆங்கிலேயர் கண்ட நால்வகை அடைமொழியும் சங்கப் புலவர் பெயர்களில் உள்ளமை எண்ணத்தக்கது. உறையூர் மருத்துவன் தாமோதரனார் என்பதில் இடமும் தொழிலும் உள்ளன. மதுரைக் கணக்காயனார் மகனார் நக்கீரனார் என்பதில் இடமும் தந்தையும் அமைந்துள்ளனர். நரைமுடி நெட்டையார் என்பது உருவத்தால் வந்த பெயர். ஆகவே தமிழரிடம் அடைமொழி இல்லாமலில்லை. அது பரம்பரைப் பெயராக இறுகவில்லை என்பதே வேறுபாடு.

பிற்காலத்தில் பரம்பரையாகத் தொடர்ந்தது சாதிப் பட்டமே. அதனைத் துறக்குமாறு 1929இல் செங்கற்பட்டில் கூடிய சுயமரியாதை மாநாடு தீர்மானித்தது. அவ்வாண்டின் இறுதியில் பெரியார் மலாயாவிற்கு வருகை தந்தார். பட்டத்தை நீக்கியமை சமத்துவத்திற்கு ஆக்கமாயிற்று. ஆயின் பெயரில் எஞ்சியது தந்தை பெயர் ஒன்றே. மலேசிய ஆவணங்களில் 'அனாக் லெலாக்கி', 'அனாக் பெரெம்புவான்' என்பனவற்றின் பின் வருவதும் அதுவே. பாட்டன் பெயர் அடுத்த தலைமுறையில் மறைகிறது. தாயின் பெயரோ தொடக்கத்திலேயே இடம்பெறுவதில்லை.

இவ்விழப்பு தோட்டத் தமிழருக்கு மிகவும் கொடியது. சயாம்-பர்மா இரயில் பாதைப் பணிக்கு 1942-43இல் கொண்டு செல்லப்பட்டுத் திரும்பாத தந்தையர் பலர். அவர்தம் பெயர் பிள்ளைகளின் பெயர்க்குப் பின் மட்டும் நின்றது. அப்பிள்ளைகளும் மறைந்தால் அப்பெயரும் மறையும். குடும்பங்கள் தோட்டங்களைவிட்டு நகர்களுக்குக் குடிபெயர்ந்தபோது 'எந்தத் தோட்டம்?' என்னும் கேள்விக்குரிய விடையும் மங்கலாயிற்று.

முடிவுரை

பெயரின் ஒலியை மட்டும் நம்பினால் தவறான மூதாதையைச் சென்றடைவோம் என்பதைச் சிலிம் நமக்கு உணர்த்துகிறது. குடும்பப் பெயர் இல்லாமை குறையன்று. பதிவு இல்லாமையே குறை. 1938இல் இந்திய அரசு தொழிலாளர் குடியேற்றத்தைத் தடைசெய்தது. அதற்கு முன் கப்பலேறி வந்தோரை நேரில் கண்டு பேசிய பேரப்பிள்ளைகள் இன்று முதியோர். தமிழாசிரியர்கள் தம் மாணவரைக் கொண்டு, தந்தை வழியிலும் தாய் வழியிலும் மூன்று தலைமுறைப் பெயர்களையும், பிறந்த தோட்டத்தையும், தமிழகத்து ஊரையும் எழுதச் செய்தல் வேண்டும். 'உறையூர்', 'மதுரை' என ஊரை முன்வைத்து எழுதிய மரபினர் நாம். 'சிலிம் ரிவர்' என்பதையும் அவ்வாறே முன்வைத்து எழுத நமக்கு உரிமை உண்டு.