மூங்கிலுக்கும் வில்லங்கம் பார்க்கணும்!

தென்னேரி பக்கம் ஒரு கிரவுண்டு மனை. சுற்றிலும் கம்பி வேலி. வேலி ஓரமாகப் பச்சைப் பசேலென்று மூங்கில். காற்று அடித்தால் சலசலவென்று சத்தம். கீழே ஒரு கயிற்றுக் கட்டில்.

வாலாஜாபாத், உத்திரமேரூர் வட்டாரத்தில் மனை வாங்கிப் போட்டிருக்கும் பலருக்கு இப்படி ஒரு ஆசை. வாரம் பூரா பட்டணத்தில் வேலை. ஞாயிற்றுக்கிழமை பஸ் ஏறி வந்து மனையைப் பார்த்துவிட்டுப் போகிறவர்கள். அவர்களிடம் யாராவது காதில் ஓதியிருப்பார்கள்.

"மூங்கில் வெச்சுடுங்க சார். தண்ணியே ஊத்த வேணாம். ஆடு மாடு தொடாது. நாலே வருஷத்துல காசு!"

பாதி நிஜம். பாதி டூப்!

முதல் இரண்டு கோடைக்குத் தண்ணீர் ஊற்றியே ஆகவேண்டும். இளங்கன்றை ஆடு கண்டால் விடாது. இதெல்லாம்கூடப் பரவாயில்லை. முக்கியமான கேள்வியை யாரும் கேட்பதில்லை. வைப்பது எந்த மூங்கில்?

மனை வாங்கும்போது வில்லங்கம் போட்டுப் பார்க்கிறோம். மூங்கில் வாங்கும்போதும் வில்லங்கம் பார்க்கணும். அந்த வில்லங்கம் மண்ணுக்கு அடியில் இருக்கிறது!

வாழையா, கோரையா?

மூங்கில் என்பது மரம் அல்ல. புல்! நெல், கரும்பு, அருகம்புல் எல்லாம் அதற்குச் சொந்தக்காரர்கள். இந்தியாவில் மட்டும் நூறு வகைக்கு மேல் இருக்கிறது. ஆனால் மண்ணுக்கு அடியில் பார்த்தால் முக்கியமாக இரண்டே ஜாதி.

ஒன்று, தூர் கட்டும் மூங்கில். வாழை எப்படித் தாய் மரத்தை ஒட்டியே கன்று விடுகிறதோ, அதே மாதிரி. ஆண்டுக்கு அரை அடி, ஒரு அடி என்று தூர் பெருக்குமே தவிர, தாயை விட்டுத் தூரம் போகாது.

இன்னொன்று, ஓடும் மூங்கில். இது கோரை ஜாதிப் புத்தி. மண்ணுக்கு அடியில் கிழங்கு வேர் கயிறு மாதிரி நீளமாக ஓடும். பத்தடி தள்ளி, இருபதடி தள்ளி, திடீரென்று ஒரு முளை எட்டிப் பார்க்கும். அது உங்கள் மனையா, பக்கத்து மனையா என்று அதற்குத் தெரியாது!

கோரை புகுந்த கழனியைச் சுத்தம் பண்ணியவர்களைக் கேட்டால் தெரியும். கையால் பிடுங்கினால் தீராது. ஒரு துண்டு கிழங்கு மண்ணில் தங்கினாலும் மறுபடி முளைக்கும். அந்தக் கோரை முப்பது நாற்பது அடி உயரத்துக்கு வளர்ந்தால் எப்படி இருக்கும்? அதுதான் ஓடும் மூங்கில்.

குளிர் ஊர் சரக்கு

இப்போது இணையத்தில் 'மோசோ' என்று விதைப் பொட்டலம் விற்கிறார்கள். சீனாவில், ஜப்பானில் காடு காடாக வளரும் ராட்சச மூங்கில் அது. படத்தைப் பார்த்தால் ஆசை வரும். அது ஓடும் ஜாதி!

மோசோவும் அதன் இனத்தாரும் பெரும்பாலும் குளிர் பழகியவர்கள். நம் நாட்டிலும் இந்த இனத்து மூங்கில் உண்டு. எங்கே தெரியுமா? அருணாசலப் பிரதேசத்தில் சீரோ என்ற பள்ளத்தாக்கில், ஐயாயிரம் அடி உயரத்தில்! அங்கே அபதானி என்ற பழங்குடி மக்கள் வேலி கட்டிய தோப்புகளில் அதைப் பத்திரமாக வளர்க்கிறார்கள். வீடு கட்ட, வேலி போட, எல்லாவற்றுக்கும் அந்த மூங்கில்தான்.

அதே கன்றைக் கொண்டுவந்து சித்திரை வெயிலில், 40 டிகிரி சூட்டில் தென்னேரியில் நட்டால்? ராத்திரியில்கூட வெக்கை தணியாத ஊர் இது. பெரும்பாலும் சோர்ந்து, நோஞ்சானாக நிற்கும். தண்ணீர் காட்டி, நிழல் காட்டிப் பிழைக்க வைத்துவிட்டால், வேலியைத் தாண்டி ஓட ஆரம்பிக்கலாம்.

பிழைக்காவிட்டால் காசு நஷ்டம். பிழைத்தால் பக்கத்து மனைக்காரரோடு சண்டை!

நாற்பது அடி சட்டம்

சண்டை என்றால் சும்மா இல்லை. அமெரிக்காவில் கனெக்டிகட் என்ற மாநிலத்தில் இதற்காகவே 2013ஆம் ஆண்டு சட்டம் போட்டார்கள். பக்கத்து வீட்டு எல்லையிலிருந்து 40 அடிக்குள் ஓடும் மூங்கில் நடக்கூடாது. நட வேண்டுமானால் வேர் தாண்டாதபடி தடுப்புப் போட வேண்டும், அல்லது தொட்டியில் வைக்க வேண்டும். வேர் அடுத்தவர் நிலத்துக்குள் புகுந்து சேதம் செய்தால், நட்டவர்தான் பொறுப்பு!

நம் கணக்கைப் பாருங்கள். ஒரு கிரவுண்டு என்றால் 2400 சதுர அடி. அறுபதுக்கு நாற்பது. மனைக்கு நட்டநடுவில் வைத்தால்கூட, இருபதாவது அடியில் பக்கத்து வேலி வந்துவிடும். அந்த ஊர் சட்டப்படி பார்த்தால், தடுப்பு இல்லாமல் ஓடும் மூங்கில் வைக்க நம்ம மனையில் இடமே கிடையாது!

ஏற்கெனவே வைத்துவிட்டவர்கள் என்ன செய்வது? சுற்றிலும் இரண்டரை அடி ஆழத்துக்குக் குழி எடுத்து, கெட்டியான பிளாஸ்டிக் தகடு இறக்க வேண்டும். தகடு மண்ணுக்கு மேலே இரண்டு அங்குலம் தெரியணும். இல்லையென்றால் வேர் அதைத் தாண்டிக் குதித்துவிடும். மழைக்காலம் முடிந்ததும் ஒரு நடை சுற்றிப் பார்த்து, தாண்டிய வேரை வெட்ட வேண்டும். இது வருஷா வருஷம் உள்ள வேலை.

எலிப் பட்டாளம்!

"வெயில் ஊரில் பரவுகிற மூங்கிலே கிடையாதா?" என்று கேட்கலாம். இருக்கிறது. மிசோரம், திரிபுரா பக்கத்து வெக்கையான மழைக்காடுகளில் 'மூளி' என்று ஒரு வகை. சரியாகச் சொன்னால் அது ஓடும் ஜாதி அல்ல. ஆனால் கிழங்குக்குக் கழுத்து நீளம். அதனால் நெருங்கித் தூர் கட்டாமல், இடம்விட்டு இடம்விட்டு முளைத்து மலையையே மூடிவிடும்.

அது சுமார் 48 ஆண்டுக்கு ஒருமுறை ஒட்டுமொத்தமாகப் பூக்கும். காய்க்கும். பிறகு கூண்டோடு செத்துப்போகும். அந்தக் காயைத் தின்று எலி பெருகும். காய் தீர்ந்ததும் எலிப் பட்டாளம் நெல் வயலில் இறங்கும்.

1959ஆம் ஆண்டு மிசோ மலையில் இப்படித்தான் பஞ்சம் வந்தது. நிவாரணத்துக்காகத் தொடங்கிய அமைப்பு பின்னால் அரசியல் கட்சியானது. 1966ல் ஆயுதக் கிளர்ச்சி. 1986ல்தான் சமாதான ஒப்பந்தம். மூங்கில் பூத்ததில் ஆரம்பித்த கதை! மறுபடியும் 2006, 2007 வாக்கில் அந்த மூங்கில் கணக்குத் தவறாமல் பூத்தது.

நம் மனையில் நாலு புதர் பூத்தால் பஞ்சம் வராது. பயப்பட வேண்டாம். ஆனால் அதில் ஒரு பாடம் இருக்கிறது. மூங்கில் வைக்கும்போது அதன் வயதையும் கேட்கணும். முள் மூங்கில் சுமார் 40, 45 வயதில் பூத்து உயிரை விடும். கிழட்டுத் தூரிலிருந்து பக்கக்கன்று எடுத்து நட்டால், தாய் பூக்கும்போது பிள்ளையும் பூத்துவிடும். நேற்று நட்ட கன்றாக இருந்தாலும் வயது தாயின் வயதுதான்!

நம்ம ஊருக்கு எது?

மூங்கில் நம் தொண்டை மண்டலத்துக்குப் புதுசு இல்லை. திருவள்ளூர் பக்கம் திருப்பாசூர் சிவன் கோவிலில் தலமரமே மூங்கில்தான். 'பாசு' என்றால் மூங்கில். ஊருக்கே அந்தப் பெயர். வெயிலும் ஐப்பசி மழையும் பழகிய தூர் மூங்கில்கள் இருக்கும்போது, ஓடுகிற சரக்கு நமக்கு எதற்கு?

கல் மூங்கில்: உள்ளே பொந்து குறைவு. கெட்டி. போலீஸ் லத்திக்கும் ஏணிக்கும் பேர்போனது. வறட்சி தாங்கும். மேட்டு நிலத்துக்கு ஏற்றது. தண்ணீர் தேங்கும் ஏரிப் பாசனக் களிமண்ணில் வைத்தால் கெட்டுப்போகும்.

முள் மூங்கில்: தண்ணீர் வசதியுள்ள இடத்துக்கு ராஜா. எண்பது அடிக்கு மேலும் போகும். ஆள், மாடு நுழைய முடியாத வேலி. ஆனால் வெட்டப் போனால் முள் கிழித்துவிடும். பெரிய தோட்டத்துக்குச் சரி. ஒரு கிரவுண்டு மனைக்கு வேண்டவே வேண்டாம். மேலே மின்கம்பி போனால் வம்பு.

பால்கூ மூங்கில்: வங்காளம், அசாம் பக்கத்துச் சரக்கு. முள் இல்லை. தண்டு தடிமன். கட்டட வேலைக்குச் சாரம் கட்ட உதவும். இதிலிருந்து தேர்ந்தெடுத்துப் பெருக்கியதுதான் 'பீமா' என்ற பெயரில் விற்கிறது. ஏக்கர் கணக்கில் வைப்பவர்களுக்கு.

மஞ்சள் மூங்கில்: பொன் நிறத் தண்டில் பச்சைக் கோடு. அழகுக்கு. தண்டை வெட்டி நட்டாலே பிடிக்கும். பூப்பது அபூர்வம்.

வேலி மூங்கில்: பத்திலிருந்து இருபது அடி. மெல்லிய தண்டு, நெருக்கமான இலை. சின்ன மனைக்கு மறைப்பு வேண்டும் என்பவர்கள் கண்ணை மூடிக்கொண்டு இதை வைக்கலாம். சுவரிலிருந்து ஐந்தாறு அடி தள்ளி வைத்தால் போதும்.

ஒரு எச்சரிக்கை. ஏரிக்கரை ஓரம் நிலம் இருக்கிறது என்று கரையிலேயே கன்று நட்டுவிடாதீர்கள். கரை அரசு சொத்து. கலங்கல், மதகு, வரத்துக் கால்வாய் எதையும் மறிக்கக்கூடாது.

வெட்டுவதிலும் கணக்கு

தோட்டமாக வைப்பவர்கள் பதினாறு அடிக்கு ஒன்று என்று நட்டால் ஏக்கருக்குச் சுமார் 170 கன்று பிடிக்கும். ஐப்பசி மழைக்கு முன்னால் குழி எடுத்து, தொழு உரம் போட்டு நடலாம்.

முளை மூன்று நாலு மாதத்தில் முழு உயரம் வளர்ந்துவிடும். அதைப் பார்த்து ஏமாந்து வெட்டக்கூடாது. அது இன்னும் பிள்ளை. முற்ற மூன்று வருஷம் ஆகும். மூன்று வயது தாண்டியதை மட்டும் வெட்டி, இளசை விட்டுவைத்தால்தான் தூர் பிழைக்கும். முளை கிளம்பும் பருவத்தில் அரிவாள் எடுக்கக்கூடாது. வெட்டியதைச் சில வாரம் தண்ணீரில் ஊறப்போட்டால் மாவுச்சத்து கரைந்து, துளைக்கும் வண்டு அண்டுவது குறையும்.

விற்கும்போது? 1927ஆம் ஆண்டு இந்திய வனச் சட்டம் மூங்கிலை மரம் என்றே வைத்திருந்தது. காட்டுக்கு வெளியே வளரும் மூங்கிலுக்கு 2017ல் விலக்குக் கொடுத்தார்கள். ஆனால் தமிழ்நாட்டுக்கென்று 1882ஆம் ஆண்டு வனச் சட்டம் தனியாக இருக்கிறது. லாரியில் ஏற்றும் முன்பு வனத்துறை அலுவலகத்தில் ஒரு வார்த்தை கேட்டுவிடுங்கள். ரகம் பற்றிய யோசனைக்கு மேட்டுப்பாளையம் வனக் கல்லூரியைக் கேட்கலாம்.

நாலு கேள்வி போதும்

நர்சரிக்குப் போனால் இதைக் கேளுங்கள்.

"அண்ணே, இது தூர் கட்டுமா, ஓடுமா?"

"எவ்வளவு உசரம் போகும்?"

"தாய்ப் புதருக்கு என்ன வயசு?"

"தண்ணி நின்னா தாங்குமா?"

நாலுக்கும் பதில் சொன்னால் வாங்கலாம். "எல்லாம் ஒண்ணுதான் சார்" என்று சொன்னால் பேசாமல் பஸ் ஏறிவிடுங்கள்!

கல்யாண வீட்டில் பெரியவர்கள் வாழ்த்துவதைக் கேட்டிருப்பீர்கள். வேரோடுவதற்கு அருகம்புல்லைச் சொல்வார்கள். சுற்றம் சூழ வாழ்வதற்கு மூங்கிலைச் சொல்வார்கள். அவர்கள் பார்த்து வளர்ந்தது தூர் மூங்கில். பிள்ளை குட்டிகளோடு ஒரே இடத்தில் நிற்கும். அடுத்தவன் மண்ணுக்கு ஆசைப்படாது.

வீட்டுக்கு அந்த மூங்கிலே போதும். பக்கத்து மனைக்காரரும் நாளைக்குப் பேச்சு வார்த்தையோடு இருப்பார்!