சுமத்ராவுக்கு அப்பால் அண்டார்டிகா நீர்

கிள்ளான் துறைமுகத்தின் முன்னே விரியும் மலாக்கா நீரிணை ஆழம் குறைந்தது. அதன் நீர் ஆண்டு முழுவதும் வெதுவெதுப்பாகவே இருக்கும். ஆனால் சுமத்ராவுக்கு மேற்கே, இந்தியப் பெருங்கடலின் 4,000 மீட்டர் ஆழத்துக்கும் கீழே பரவிக் கிடப்பது அண்டார்டிகாவிலிருந்து வந்த குளிர்நீர்!

அண்டார்டிகாவை ஒட்டிய வெடல், ராஸ் கடல்களில் நீர் மைனஸ் 1.9 டிகிரி செல்சியஸில் உறையும்போது, பனிக்கட்டி உப்பை வெளியே தள்ளிவிடுகிறது. உப்பேறிக் கனத்த நீர் அடிமட்டத்துக்கு இறங்கி, ஆழ்கடல் உயிர்களுக்கு ஆக்சிஜனையும் சுமந்துகொண்டு மெல்ல வடக்கே நகர்கிறது. அது மீண்டும் மேலே வரப் பல நூறு ஆண்டுகள் ஆகும். தென் பெருங்கடலில் வீசும் பலத்த மேலைக்காற்று மேல்நீரை ஒதுக்க, ஆழ்நீர் அங்கே எழுகிறது.

உருகும் பனியின் நன்னீர் கலந்தால், கனத்த நீரின் இந்த இறக்கம் தளரும். கவலைப்பட வேண்டிய செய்திதான்.

அண்டார்டிகாவை ஆராய்வதில் மலேசியாவுக்கும் பங்குண்டு: 2011இல் அண்டார்டிகா ஒப்பந்தத்தில் இணைந்த மலேசியாவின் தேசிய அண்டார்டிகா ஆய்வு மையம், மலாயாப் பல்கலைக்கழகத்தில்தான் அமைந்தது.