காருக்குள் ஈரமா? கண்ணுக்கும் மூச்சுக்கும் கவனம் தேவை



பேராக்கில் மழைக்குப் பஞ்சமில்லை. புக்கிட் லாருட் மலையடிவாரத்தில் இருக்கும் தைப்பிங், தீபகற்ப மலேசியாவிலேயே அதிக மழை பெறும் ஊர்களில் ஒன்று. ஈப்போவிலும் பிற்பகல் மழை நமக்குப் பழக்கமானதுதான். சுங்கை சிப்புட், பீடோர் பக்கம் பழைய ரப்பர் தோட்டங்களை ஒட்டிக் குடியிருப்போருக்கு மரநிழலும் காலைப் பனிமூட்டமும் சேர்ந்துகொள்கின்றன.

இந்த ஈரம் காருக்குள் தங்கினால் இரண்டு கெடுதல்கள் உண்டு. ஒன்று, கண்ணாடி மங்கிச் சாலை தெரியாமல் போகும். மற்றொன்று, பூசணம் பிடித்து மூச்சுக்குத் தொல்லை தரும். இரண்டையும் எளிதாகத் தவிர்க்கலாம்.

கண்ணாடி ஏன் மங்குகிறது?

ஐஸ் தண்ணீர் ஊற்றிய கிளாஸின் வெளிப்புறம் நனைவதைப் பார்த்திருப்பீர்கள். காற்றில் உள்ள ஈரம் குளிர்ந்த பொருளின் மேல் பட்டு நீர்த்துளியாகிறது. கார்க் கண்ணாடியிலும் இதுவே நடக்கிறது. ஆனால் அது உள்பக்கம் மங்கியதா, வெளிப்பக்கம் மங்கியதா என்று தெரிந்துகொள்ள வேண்டும். இரண்டுக்கும் செய்ய வேண்டியது வேறு.

முதலில் வைப்பரைப் போட்டுப் பாருங்கள்.

• வைப்பர் துடைத்ததும் தெளிந்தால், மங்கியது வெளிப்பக்கம். ஏர்கோன் கண்ணாடியை அளவுக்கு மீறிக் குளிர வைத்துவிட்டது. குளிரைக் குறையுங்கள். காற்று கண்ணாடியில் அடிக்காதபடி திருப்புங்கள்.

• வைப்பர் துடைத்தும் தெளியாவிட்டால், மங்கியது உள்பக்கம். உங்கள் மூச்சும், நனைந்த உடையும், குடையும் சேர்ந்து காருக்குள் ஈரத்தைக் கூட்டிவிட்டன. ஏர்கோனைப் போடுங்கள். காற்றைக் கண்ணாடிப் பக்கம் திருப்புங்கள். உள்காற்றே சுற்றும்படி வைத்திருந்தால், வெளிக்காற்று வரும்படி மாற்றுங்கள்.

ஓட்டிக்கொண்டே கையால் துடைக்காதீர்கள். வழி தெரியவில்லை என்றால் வேகத்தைக் குறைத்து, பாதுகாப்பான இடத்தில் ஓரமாக நிறுத்துங்கள். கண்புரை உள்ளவர்களுக்கு மங்கிய கண்ணாடியும் எதிரே வரும் விளக்கொளியும் சேர்ந்தால் பார்வை இன்னும் சிரமமாகும்.

“குளிருது, ஏர்கோனை அடை” என்று சொல்கிறீர்களா?

மழை நேரத்தில் வயதானவர்கள் இப்படிக் கேட்பது இயல்பு. ஆனால் ஏர்கோனை அடைத்து, ஜன்னல்களையும் மூடினால், சில நிமிடங்களில் உள்பக்கம் மங்கிவிடும். ஏர்கோன் குளிர்விப்பதோடு காற்றில் உள்ள ஈரத்தையும் எடுத்துவிடுகிறது. காருக்கு அடியில் சொட்டும் தண்ணீர் அந்த ஈரம்தான். ஆகவே, அதை அடைப்பதற்குப் பதிலாகக் குளிரைக் குறைத்து வைக்கச் சொல்லுங்கள். காற்று உங்கள் மேல் படாமல் திருப்பிவிடுங்கள். ஒரு சால்வையோ மெல்லிய ஜாக்கெட்டோ காரில் இருக்கட்டும்.

ஈரம் எங்கிருந்து வருகிறது?

• முன் இருக்கையின் கால் மிதியடிக்கு அடியில் தொட்டுப் பாருங்கள். மழை பெய்யாத நாளிலும் ஈரமாக இருந்தால், ஏர்கோன் தண்ணீர் வெளியேறும் குழாய் அடைத்திருக்கலாம். பட்டறையில் காட்டுங்கள்.

• ரம்புத்தான், மா போன்ற மரங்களின் கீழே காரை நிறுத்தினால், முன் கண்ணாடிக்கும் பானெட்டுக்கும் இடையே உள்ள பள்ளத்தில் இலைகள் சேரும். தண்ணீர் வடிய வழியில்லாமல் உள்ளே கசியும். வாரம் ஒருமுறை இலைகளை அகற்றுங்கள்.

• கதவு ரப்பர் வெடித்திருக்கிறதா என்று பாருங்கள். பழைய கார்களில் இது சாதாரணம்.

உலர்த்துவது எப்படி?

நனைந்த இடத்தை 24 முதல் 48 மணி நேரத்துக்குள் உலர்த்திவிட்டால் பூசணம் பெரும்பாலும் பிடிக்காது. தண்ணீரைத் துணியால் ஒற்றி எடுங்கள். மிதியடிகளை வெளியே எடுத்து வெயிலில் போடுங்கள். வெயில் உள்ள நேரத்தில் நான்கு கதவுகளையும் திறந்து வையுங்கள். நனைந்த குடையையும் துண்டையும் காரில் விட்டுவிடாதீர்கள்.

காரை உலர்த்துவதற்காக மூடிய கராஜில் இஞ்சினை ஓடவிடாதீர்கள். அதிலிருந்து வரும் புகையில் உள்ள கார்பன் மோனாக்சைடு வாயுவுக்கு மணமும் இல்லை, நிறமும் இல்லை. அது உயிரைப் பறிக்கும்.

பூசணம் பிடித்துவிட்டால்

காருக்குள் நெடி வீசினாலும், இருக்கையில் வெள்ளை அல்லது கரும்புள்ளிகள் தெரிந்தாலும் பூசணம் இருக்கலாம். வாசனைப் பொருள் தொங்கவிட்டால் நெடி மறையும், பூசணம் மறையாது.

• முகக்கவசமும் கையுறையும் அணிந்துகொள்ளுங்கள். கதவுகளைத் திறந்து வையுங்கள்.
• காய்ந்த பிரஷ்ஷால் தட்டாதீர்கள். பூசணத் தூள் காற்றில் பறக்கும். சோப்புத் தண்ணீரில் நனைத்துப் பிழிந்த துணியால் துடைத்து, நன்றாக உலர்த்துங்கள்.
• குளோராக்ஸ் போன்ற பிளீச்சை வினிகரோடும் மற்றச் சுத்திகரிப்புத் திரவங்களோடும் கலக்காதீர்கள். நச்சு வாயு உண்டாகும்.
• ஏர்கோன் போட்டதும் நெடி வந்தால், அதன் காற்று வடிகட்டியை மாற்றச் சொல்லுங்கள்.
• ஆஸ்துமா, நாள்பட்ட நுரையீரல் நோய் உள்ளவர்கள் இந்த வேலையைத் தாங்களே செய்ய வேண்டாம். பிள்ளைகளிடமோ பட்டறையிலோ ஒப்படையுங்கள்.

வெள்ளத்தில் மூழ்கிய காரா? அதில் எலிச் சிறுநீர் கலந்திருக்கலாம், எலிக்காய்ச்சல் வரக்கூடும். பூட்ஸும் கையுறையும் இல்லாமல் தொடாதீர்கள். வெள்ள நீரில் இறங்கியபின் காய்ச்சலோ கெண்டைக்கால் வலியோ வந்தால் உடனே கிளினிக்குக்குப் போய், வெள்ள நீரில் இறங்கியதைச் சொல்லுங்கள்.

மருந்தைக் காரில் வைக்காதீர்கள்

ஈரமும் வெயில் சூடும் மாத்திரைகளைக் கெடுக்கும். இன்ஹேலர் மிகுந்த சூட்டில் வெடிக்கவும் கூடும். காரை விட்டு இறங்கும்போது மருந்துப் பையையும் கையோடு எடுத்துச் செல்லுங்கள்.

எப்போது மருத்துவரைப் பார்க்க வேண்டும்?

காரில் ஏறினால் தும்மல், இருமல், கண் அரிப்பு வருகிறது, இறங்கினால் குறைகிறது என்றால், அரசாங்க சுகாதாரக் கிளினிக்கில் மருத்துவரிடம் இதைச் சொல்லுங்கள். வீசிங் அடிக்கடி வந்தாலோ, இன்ஹேலர் வழக்கத்தைவிட அதிகம் தேவைப்பட்டாலோ காத்திருக்க வேண்டாம். பேச முடியாத அளவுக்கு மூச்சுத் திணறினால் 999 எண்ணை அழையுங்கள்.

இன்றே காரின் மிதியடிகளைத் தூக்கி, அடியில் தொட்டுப் பாருங்கள். குனிய முடியாவிட்டால் பேரப்பிள்ளைகளைப் பார்க்கச் சொல்லுங்கள்.